கோட்டமும் செப்பமும்

1

கோணலான ஒரு வண்டியை நேராக ஓட்டக் கற்றுக்கொண்டவனை நாம் கெட்டிக்காரன் என்கிறோம். இந்த மதிப்பீட்டில் ஏதோ தவறு இருக்கிறது என்று எனக்குச் சில காலமாகவே பட்டுவருகிறது. தவறு எங்கே இருக்கிறது என்று சொல்ல இந்தக் கட்டுரையில் முயல்கிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம்: ரேடியோ அலையால் தூரத்திலிருந்து இயக்கப்படும், ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள பந்தயக் கார்கள். தார்மீகப் பிரச்னைகளைப் பேசப் போர்க்களமும் தூக்குமேடையும்தான் தகுதியான இடங்கள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய இடங்களில் மனிதன் ஜாக்கிரதையாக இருக்கிறான். அவன் தன்னை ஏமாற்றிக்கொள்வதைப் பார்க்க, குடிமுழுகிப் போக ஒன்றுமில்லாத இடங்களுக்குத்தான் போகவேண்டும்.

என் அக்கா அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறாள். 2023 டிசம்பரில், பாங்க்கில் சேர்ந்துகிடந்த லீவையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு அங்கே போய் ஏழு வாரம் இருந்தேன். அத்தானுக்கு ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. வேலையைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. சனிக்கிழமையானால் கருவிப் பெட்டியையும் காரையும் தூக்கிக்கொண்டு இருபது மைல் தள்ளியிருக்கும் பழைய கிடங்கு ஒன்றுக்குப் போய்விடுவார். நானும் கூடப்போனேன். வெளியே பனி. உள்ளே தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம், வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை, ஓரங்களில் சட்டங்கள், ஒரு பக்கம் உயரமான மேடை. மேடையில் எட்டுப் பத்துப் பேர் கையில் டிரான்ஸ்மிட்டரோடு, தோள் இடிக்க நின்று, கீழே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் யார் கார் எத்தனை சுற்று வந்தது என்பதே பந்தயம். முடிந்ததும், ஓட்டினவர்கள் இறங்கிப்போய்ப் பாதையின் திருப்பங்களில் நின்று, அடுத்த கோஷ்டி ஓட்டும்போது கவிழ்கிற கார்களை நிமிர்த்திவிட வேண்டும். தன்னைத் தோற்கடித்தவனின் காரையும்தான்.

ஐம்பது வயதில் ஒரு மனிதர் பொம்மைக்கு இவ்வளவு பாடுபடுகிறாரே என்று முதல் சனிக்கிழமை நினைத்தேன். பொம்மை என்ற சொல்லை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2

இந்த ரகக் காருக்குப் பான் கார் என்று பெயர். பான் என்றால் தட்டு. உண்மையிலேயே அது ஒரு தட்டுதான்: கார்பன் இழையில் செய்த, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. அதன்மேல் பாட்டரி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கருவி, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ. முன்பக்கம் இரண்டு சிறு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் செங்குத்தான ஓர் ஊசி, பேனாவில் இருப்பதுபோல ஒரு சிறு ஸ்பிரிங். பின்பக்கம் மோட்டாரும் அச்சும் சேர்ந்த ஒரு தனிக் கூடு. தெருவில் ஓடும் காரில் சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக இருக்கும் சஸ்பென்ஷன் இதில் பின்னால் கிடையாது. கூடு முழுவதும் ஒன்றாகத்தான் அசையும். தட்டோடு அதைச் சேர்ப்பது நடுவில் ஒரு குமிழ் மூட்டு, பக்கங்களில் இரண்டு மெல்லிய தண்டுகள். பழைய கார்களில் டி எழுத்து வடிவத்தில் வெட்டிய கண்ணாடியிழைத் தகடு ஒன்று வளைந்து கொடுத்து இந்த வேலையைச் செய்தது. கூட்டை மட்டமாக நிறுத்தப் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்குகளின் தலையில் இரண்டு திருகாணிகள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டு திருகாணிகளைப் பற்றியது.

பந்தயம் வகுப்பு வகுப்பாக நடக்கிறது. அத்தான் ஓட்டும் வகுப்பில் கார் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. மோட்டார் 17.5 சுற்றுக் கம்பி கொண்டது. பாட்டரியில் ஒரே ஒரு லித்தியம் செல், பெயரளவில் 3.7 வோல்ட். மின்னணு வித்தைகளால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டக்கூடாது. கூட்டவில்லை என்பதற்குச் சாட்சியாக, மின்சாரம் அளக்கும் கருவியில் ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்க வேண்டும். 'பிளிங்கி' என்றே அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். நான் ஏமாற்றவில்லை, நான் ஏமாற்றவில்லை என்று கார் விடாமல் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

விதிகளின் நோக்கம் தெளிவு. பணத்தால் வரும் வித்தியாசத்தையும் யந்திர பலத்தால் வரும் வித்தியாசத்தையும் வெட்டிவிட்டால், மிச்சம் நிற்பது மனிதனின் கையும் அவன் காரைத் தயார் செய்யும் புத்தியும்தான். தோற்றால் பழி சரியான இடத்தில் போய் விழும். விதி விட்டுவைத்திருக்கிற சுதந்திரங்கள் சின்னச் சின்னவை. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதை 'ரோல் அவுட்' என்கிறார்கள். சக்கரத்தின் விட்டம் 42 மில்லிமீட்டர், மோட்டாரின் பல்சக்கரத்தில் 50 பல், அச்சில் இருப்பதில் 72 பல் என்றால் அது 91.6 மில்லிமீட்டர். டயர்கள் நுரையால் ஆனவை. ஓட ஓடத் தேய்கிறவை. 41க்குத் தேய்ந்ததும் அதே பற்களோடு 89.4 ஆகிவிடும். மோட்டாரில் ஒரு பல் கூட்டி 51 போட்டால் மறுபடி 91.2. போன வாரம் ஓடிய கார் இந்த வாரம் அதே கார் அல்ல. அத்தான் இவற்றையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அது போக, அச்சிட்ட தாள்களும் உண்டு. காரின் படம் போட்டு, தரையிலிருந்து தட்டின் உயரம், முன்சக்கரத்தின் சாய்வு, ஸ்பிரிங்கின் கடினம், எண்ணெயின் கெட்டித்தன்மை, டயரில் பூசும் தைலம் எத்தனை நிமிஷம் ஊறவேண்டும் என்பதுவரை நிரப்பக் கட்டங்கள் இருக்கும். ஜெயித்தவர்கள் தங்கள் தாளை நிரப்பிப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பிரதி செய்துகொள்ளலாம்.

அப்படிப் பிரதி செய்தவர்களும் தோற்கிறார்கள். நான் பார்த்த தாள்கள் ஒன்றிலும் இல்லாத ஒரு விஷயம் காரில் இருக்கிறது. அது பூஜ்யமாக இருக்கும் என்று தாள் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

3

அதை அவர்கள் 'ட்வீக்' என்கிறார்கள். தமிழில் அதற்கு இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது: கோட்டம். மரத்தின் வளைவும் கோட்டம், மனசின் ஓரவஞ்சனையும் கோட்டம். எதிர்ச்சொல்லான செப்பமும் அப்படித்தான். நேராயிருப்பது செப்பம், நடுநிலை செப்பம், பழுது நீக்குவது செப்பனிடுதல். காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வதை அவர்கள் 'செட் அப்' என்பார்கள். நான் செப்பம் என்றே எழுதுகிறேன்.

இரண்டு திருகாணிகளில் ஒன்று மற்றதைவிட அதிகமாக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கண்ணுக்கு எல்லாம் மட்டம். ஆனால் காரின் எடை சக்கரங்களின்மேல் சமமாக இறங்கவில்லை; ஒரு மூலையிலும் அதற்குக் குறுக்காக எதிர்மூலையிலும் கூடுதலாக இறங்கியிருக்கிறது. கட்டிலின் ஒரு கால் குட்டையானால் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். பான் கார் ஆடாது. வளைந்து கொடுக்கும் ஸ்வபாவம் அதற்கு இருப்பதால் குற்றத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது.

ஓடும்போது தெரியும், ஆனால் வேறு வேஷத்தில் தெரியும். ஒரு பக்கத் திருப்பத்தில் கார் ஆசையோடு உள்ளே பாயும், சில சமயம் பின்பக்கம் சுழன்றும்போகும். மறுபக்கத் திருப்பத்தில் தயங்கி அகலமாகப் போகும். மின்சாரத்தைக் குறைத்தால் நேராகப் போகிறது. முழுசாகக் கொடுத்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் ஸ்டியரிங்கின் நடுப்புள்ளியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தலாம். இழுப்பை அதில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திருத்தம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். மற்ற வேகங்களில் அதுவே புதுக் கோணல். மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவன் காருக்குள் இல்லை. நிஜக் காரில் முதுகும் உள்ளங்கையும் சொல்லும் செய்தி இங்கே கிடையாது. கண் ஒன்றே சாட்சி. அந்தக் கண்ணுக்கும், கார் எதிரே வரும்போது இடமும் வலமும் மாறிவிடுகின்றன. ஆகவே இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி என்று கார் நடந்துகொண்டால், காரில்தான் குற்றம் என்று ஓட்டுகிறவனுக்கு நிச்சயமாகத் தோன்றுவதில்லை. தன் கைக்குத்தான் அந்தப் பக்கம் வரவில்லை என்று நினைக்கிறான். அடக்கமுள்ளவனாக இருந்தால் இன்னும் மோசம். உடனே பயிற்சியில் இறங்கிவிடுகிறான்.

பயிற்சி பலிக்கவும் செய்கிறது. ஒரு திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னதாக, இன்னொன்றுக்குக் கொஞ்சம் பிந்தி, ஓரிடத்தில் அரை நொடி மின்சாரத்தை நிறுத்தி. சில வாரங்களில் கைக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. சில மாதங்களில், கைக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது. அந்தக் கிடங்கில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வலப்பக்கமாக ஒரு கொண்டைஊசித் திருப்பம் உண்டு. அதை அத்தான் எடுக்கிற விதத்துக்கு ஒரு பெயரே இருந்தது. எல்லோரும் வேகமாக வந்து கடைசி கணத்தில் திருப்புவார்கள். இவர் முன்னதாகவே அடங்கி, ஒரு மென்மையோடு, உள்சட்டத்தை உரசுவதுபோல் சுற்றி வெளிவருவார். புதிதாக வந்தவர்களிடம் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். எழுத்தாக இருந்தால் நாம் இதை நடை என்று சொல்லியிருப்போம்.

4

நான்காவது சனிக்கிழமை அத்தானுக்கு முழங்கால் வலி. திருப்பத்தில் நின்று கார்களை நிமிர்த்திவிடும் முறையை அவருக்குப் பதிலாக நான் செய்தேன். எனக்குக் கொடுத்த இடம் அந்த வலப்பக்கத் திருப்பம். அடுத்த கோஷ்டியின் கார்களை அரைமணி நேரம் கிட்டத்தில் பார்த்துப் பழகிய கண், பிறகு அத்தான் ஓட்டியபோதும் அங்கேயே நின்றது. மேடையிலிருந்து தெரியாதது தரையிலிருந்து தெரிந்தது. மற்றவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் ஒரேமாதிரிச் சாய்ந்தன. அத்தானின் காரில் வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு முன்சக்கரம் கம்பளத்தைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது. எனக்கு இதில் ஒரு ஞானமும் கிடையாது. அதனால்தான் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு வருசமா ஓட்டுதேன் மாப்ளே, எனக்குத் தெரியாதா?" என்றார். அதற்குப்பின் வீடு வரைக்கும் பேச்சு இல்லை.

ராத்திரி சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பலகையைப் போட்டுக் காரை வைத்தார். மேல்கூட்டைக் கழற்றினார். பேனாக்கத்தியின் முனையை முன்பக்கத்தின் நட்டநடுவில் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். செப்பமான காரில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே கணத்தில் கிளம்பவேண்டும். ஒன்று கிளம்பியது. மற்றது கொஞ்ச நேரம் கண்ணாடியிலேயே உட்கார்ந்திருந்தது. மூன்று தடவை தூக்கிப் பார்த்தார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

சுலபமான வழி திருகாணிதான். லேசாக அழுத்தும் பக்கத்தில் அரைச் சுற்று முடுக்கினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கிளம்பிவிடும். அத்தான் கை அங்கே போய்விட்டுத் திரும்பியது. இரண்டு திருகாணிகளையும், ஸ்பிரிங்கைத் தொடும் அளவுக்கு மட்டும் விட்டு, முழுசாகத் தளர்த்தினார். பிறகு ஒவ்வொன்றாக. டயர்களின் விட்டத்தை அளந்தார். அச்சு வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார். பக்கத் தண்டுகளைக் கழற்றி ஒன்றோடொன்று வைத்து நீளம் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் அகப்பட்டது ஒயர். தட்டில் இருக்கும் கருவியிலிருந்து கூட்டில் இருக்கும் மோட்டாருக்கு மூன்று தடித்த ஒயர்கள் போகின்றன. அவற்றைக் குட்டையாக வைத்துச் சால்டர் செய்திருந்தார். பார்க்க அழகாக, ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் கூட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒயரை எடுத்துவிட்டுத் தூக்கினால் சக்கரங்கள் ஒன்றாகக் கிளம்பின.

திருகாணியோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேஜைமேல் கார் செப்பமாகியிருக்கும். ஒரு பக்கம் ஒயரின் இழுப்பு, எதிர்ப்பக்கம் ஸ்பிரிங்கின் அழுத்தம், கூட்டிக்கழித்தால் பூஜ்யம். ஆனால் கார் ஓடும்போது கூடு அசைகிறது. அசைய அசைய ஒயரின் இழுப்பு ஒருவிதமாக மாறும், ஸ்பிரிங்கின் அழுத்தம் வேறுவிதமாக மாறும். நின்றால் சரி, நகர்ந்தால் தவறு. கோட்டத்தைக் கோட்டத்தால் ஈடுகட்டினால் கிடைப்பது அசையாத பொருளின் செப்பம்.

நீளமான, மெத்தென்ற ஒயரை வளைவு விட்டுப் பொருத்தினார். மணி ஒன்றரை.

5

அடுத்த சனிக்கிழமை கார் மோசமாக ஓடியது. இந்த இடத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக 38 சுற்று வருகிறவர் 35தான் வந்தார். அந்தப் பிரசித்தமான திருப்பத்தில் நாலு தடவை உள்சட்டத்தில் மோதினார். இல்லாத கோட்டத்துக்குக் கை பரிகாரம் செய்துகொண்டிருந்தது. காரிலிருந்து எடுத்த கோணல் கையில் அப்படியே மிச்சமிருந்தது. இத்தனை நாளும் இரண்டு கோணல்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நேர்மைபோல் நடித்திருக்கின்றன.

ஈடுகட்டப்பட்ட பிழையைப்பற்றி நான் சொல்லவிரும்புவது இதுதான். வெறும் பிழை அடி வாங்கிக் கொடுக்கும், தேடவைக்கும். ஈடுகட்டிய பிழைக்குப் பாராட்டு கிடைக்கிறது. திறமை என்ற பெயரோடு அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிறகு அதை வெளியேற்றுவது திறமையைக் கொல்வதாகவே தோன்றும்; சில காலத்துக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும்.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. அரிஸ்டாட்டில் தம் நீதிநூலில் இதற்கு எதிரானதுபோல் தோன்றும் ஓர் அறிவுரையைச் சொல்கிறார். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தெரிந்துகொண்டு, எதிர்ப்பக்கமாக நம்மை இழுத்துக்கொள்ளவேண்டும். கோணிய மரத்தை நிமிர்த்துகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். கல்லூரியில் இதைப் படித்தபோது, ஈடுகட்டுவதே ஒழுக்கம் என்று புரிந்துகொண்டிருந்தேன். இப்போது அந்த உவமையை வேறுவிதமாகப் பார்க்கிறேன். அவர் வளைப்பது மரத்தை. எதிர்ப்பக்கம் வளைத்து வளைத்து மரமே நேராகிவிடுகிறது, பிறகு வளைக்கவேண்டியதில்லை. கோணல் தடியை அப்படியே வைத்துக்கொண்டு, அதோடு நடக்கத் தோதாக முதுகை வளைத்துக்கொள்வது வேறு காரியம். நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டாவது. பெயர் சொல்லிக்கொள்வது முதலாவதற்கு.

இன்னொரு ஆட்சேபணை அந்தப் பந்தயத்துக்குள்ளேயே இருக்கிறது. முட்டை வடிவப் பாதைகளிலும் பான் கார் ஓட்டுகிறார்கள். அங்கே எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். அதற்கான காரில் பாட்டரியை இடப்பக்கம் தள்ளிவைக்கிறார்கள். இடது வலது டயர்களின் விட்டத்தை வேண்டுமென்றே வித்தியாசப்படுத்துகிறார்கள். கோட்டமே அங்கே செப்பம். அப்படியானால் நேர் என்பது பாதையைப் பொறுத்தது, தனியாக ஒரு பூஜ்யம் கிடையாது என்று ஒருவர் சொல்லலாம். எல்லாவற்றையும் சார்பானதாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறவர்கள் நம்மிடையே நிறைய. ஆனால் முட்டைப்பாதைக்காரன் தன் கோட்டத்தைத் தானே வைத்தான், எத்தனை மில்லிமீட்டர் என்று அவனுக்குத் தெரியும், தாளில் எழுதியிருக்கிறான், அதை எடுத்துவிடவும் அவனால் முடியும். அத்தான் டயர் தேய்ந்ததும் ஒரு பல் கூட்டுவதும் இதே ஜாதி. தெரிந்து, எழுதி, திருப்பி எடுக்கக்கூடியதாக வைத்திருக்கிற ஈடு வேறு. எப்போது வந்தது என்றே தெரியாமல் கையில் குடியேறின ஈடு வேறு. முதலாவது தீர்மானம், இரண்டாவது பழக்கம்.

மூன்றாவது, எனக்கே பதில் முழுசாகத் திருப்தி தராத ஆட்சேபணை: எந்தக் காரும் பூரண செப்பமாக இருப்பதில்லை. இரண்டாவது நிமிஷத்தில் சட்டத்தில் இடித்துக் கார் கோணிக்கொண்டால், மிச்சம் ஆறு நிமிஷம் கையால் ஈடுகட்டித்தான் ஓட்டியாகவேண்டும். கொள்கைக்காகக் காரை நிறுத்திவிட்டு வருகிறவன் அசடு. ஆகவே இரண்டு காலங்களைப் பிரிக்கவேண்டியிருக்கிறது: பந்தயக் காலம், மேஜைக் காலம். பந்தயத்தில் ஈடுகட்டுவது கடமை. மேஜைக்கு வந்தபின்னும் அதைத் தொடர்வது குற்றம். நம் வாழ்க்கையின் கஷ்டம், மேஜைக்கு வரும் நேரத்தை யாரும் மணியடித்துச் சொல்வதில்லை என்பது.

6

நான் பாங்க்கில் குமாஸ்தா. காஷ் கவுண்டரில் பல வருஷம் இருந்திருக்கிறேன். சாயங்காலம் பெட்டியில் இருக்கும் பணமும் கணக்கும் ஒத்துப்போகவேண்டும். 'டாலி' ஆகிவிட்டால் அன்றைய தினம் குற்றமற்றது. எனக்கு வித்தியாசம் வந்ததே இல்லை என்று கிளையில் பெயர்.

ஒருநாள் பென்ஷன் வாங்கிப்போன கிழவி ஒருத்தி மறுநாள் வந்து, ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு குறைகிறது என்றாள். நேற்றே டாலி ஆகிவிட்டது பாட்டி, இங்கே குறைய வாய்ப்பே இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். வீட்டில் யாராவது எடுத்திருப்பார்கள், கேட்டுப்பாருங்கள் என்றும் சொன்னேன். போய்விட்டாள். நாலு நாள் கழித்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் வந்து, அன்றைக்கு எனக்கு ஒரு நோட்டு அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஐந்நூறை வைத்துவிட்டுப் போனார். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு, கூட்டினால் சரி. பணத்தைக் கொண்டுபோய்க் கிழவியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நான் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை அவள் வீட்டில் யாரிடம் கேட்டாளோ, அதனால் அங்கே என்ன ஆயிற்றோ, அதை என்னால் திருப்பிக் கொடுக்கமுடியவில்லை.

கணக்கு ஒத்துப்போவது பிழையில்லை என்பதற்குச் சாட்சி இல்லை என்று பாங்க் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஈடுசெய்யும் பிழைகள் என்று அதற்குத் தனித் தலைப்பே உண்டு. பரீட்சையில் அதற்கு மார்க்கும் வாங்கினேன்.

7

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் என்னைப் பாங்க் குமாஸ்தாவாக அறியமாட்டார்கள். மதிப்புரை எழுதுகிறவனாக அறிவார்கள். தாட்சண்யம் பார்க்காதவன் என்று ஒரு பெயரும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒஹையோவில் அந்த ராத்திரி யோசித்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நண்பனின் கவிதைத் தொகுதிக்கு நான்கு பக்கம் எழுதினேன். அப்போது அவன் மிகவும் நொடித்துப்போயிருந்தான். கவிதைகளில் இல்லாத சிலவற்றை அவன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கவிதைகளுக்குள் வைத்துவிட்டேன். எழுதி முடித்ததும் உறுத்தியது. அந்த உறுத்தலோடு அதே மாதம் முன்பின் தெரியாத ஒருவரின் நாவலை எடுத்தேன். ஒரு பக்கத்தில் தீர்த்துவிட்டேன். இரண்டும் அடுத்தடுத்து அச்சில் வந்தபோது, ஒன்றை மனமாரப் பாராட்டவும் ஒன்றைத் தயங்காமல் நிராகரிக்கவும் தெரிந்த ஆள் என்று கடிதங்கள் வந்தன. பத்தி டாலி ஆகிவிட்டது. நடுநிலை என்று நான் நம்பியிருந்தது ஒயரின் இழுப்புக்கு எதிரே முடுக்கிய திருகாணி.

இங்கே மேஜைக் காலம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தொகுதியில் ஏழெட்டு வரிகளைத் தவிர மற்றவை கவிதைகள் அல்ல. நண்பன் இதை இந்தப் பக்கத்தில்தான் முதலில் படிக்கப்போகிறான். நேரில் சொல்லும் தைரியம் வந்தும் வராமலும் இரண்டு வருஷம் போய்விட்டது. அந்த நாவலின் நடுவில் தறிக்காரர் குடும்பத்தைப்பற்றி வரும் மூன்று அத்தியாயங்களுக்கு ஈடாக அந்த வருஷம் நான் வேறெதையும் படிக்கவில்லை. அவற்றை அப்போதே எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை எழுத இடம் விடாமல் மற்றக் குறைகளை அடுக்கினேன்.

இரண்டையும் ஒருசேரத் திருத்துவதில் மறுபடியும் ஒரு கணக்கு ஒத்துப்போகிறதே என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. சந்தேகம் இருக்கட்டும். இதை எழுதிவிட்டதால் இனி என் எழுத்து செப்பமாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கொஞ்சகாலத்துக்கு மோசமாகத்தான் இருக்கும். கை பழைய கோணலுக்கே திருத்திக்கொண்டிருக்கும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமையும் அத்தானோடு போனேன். பந்தயத்துக்கு முன்னால், திருகாணியைக் கால் சுற்று முடுக்கினால் பழையபடி வந்துவிடுமில்லையா என்று நான்தான் கேட்டேன். அவர் தோற்பது எனக்குப் பொறுக்கவில்லை. "வரும் மாப்ளே. நல்லாவே வரும்" என்றார். முடுக்கவில்லை. எட்டு நிமிஷம் முடிந்தபோது 36 சுற்று. மேடையிலிருந்து இறங்கி, நோட்டில் தேதி போட்டு, 36 என்று எழுதினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே போய்த் தன் திருப்பத்தில் நின்றார்.